வேரியன்ஸ், வேரியேஷன், டீவியேஷன்: எதிலிருந்து வித்தியாசம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை என்று இருப்பவர்களுக்கு ‘வேரியன்ஸ்’ என்ற சொல் பல வாசல் வழியாக வருகிறது. பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் ஓர் அர்த்தம், கஞ்சிக்கோடு கம்பெனியின் மாதக் கணக்கில் இன்னோர் அர்த்தம், மேஸ்திரியின் பில்லில் மற்றொன்று, வங்கியின் ஜாமீன் பத்திரத்தில் வேறொன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி வட்டாரத்துச் சிறு தொழில்களை மனத்தில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகளில் வரும் விலையும் கூலியும் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. சந்தை நிலவரம் அல்ல.

ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? எங்கே பிடித்துத் தொடங்குவது?

“எதிலிருந்து வித்தியாசம்?” என்று முதலில் கேளுங்கள். புள்ளியியலில் வேரியன்ஸ் என்றால் எண்கள் தங்கள் சொந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது. காஸ்டிங்கில், அதாவது செலவுக் கணக்கில், முன்கூட்டியே போட்டு வைத்த ஸ்டாண்டர்டிலிருந்து உண்மைச் செலவு எவ்வளவு விலகியது என்பது. கட்டட ஒப்பந்தத்தில் வேரியேஷன் என்பது கையெழுத்தான வேலையிலிருந்து மாறிய வேலை. ஜாமீன் சட்டத்தில், ஒப்புக்கொண்ட நிபந்தனையிலிருந்து மாறிய நிபந்தனை. சர்வேயில், உண்மை வடக்கிலிருந்து காந்த முள் காட்டும் வடக்கு விலகும் கோணம். ஒப்பிடும் அடிப்படை தெரியாமல் “வேரியன்ஸ் 600” என்று யாராவது சொன்னால் அது தகவலே அல்ல. ரூபாயா, கிராமின் வர்க்கமா என்றுகூடச் சொல்ல முடியாது.

பள்ளியில் வரும் வேரியன்ஸை ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு விலக்க வர்க்கச் சராசரி என்று பெயர். பெயரிலேயே செய்முறை இருக்கிறது: விலக்கம் எடு, வர்க்கமாக்கு, சராசரி பார்.

நேந்திரம் சிப்ஸ் 500 கிராம் பாக்கெட் ஐந்தை நிறுத்துப் பார்த்ததில் உள்ளிருப்பு 498, 503, 501, 507, 496 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2505, சராசரி 501. விலக்கங்கள் –3, 2, 0, 6, –5. வர்க்கங்கள் 9, 4, 0, 36, 25. மொத்தம் 74. ஐந்தால் வகுத்தால் 14.8, இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. அதன் வர்க்கமூலம் சுமார் 3.85 கிராம், இது திட்ட விலக்கம்.

கையால் போடுகிறவர்கள் ஊகச் சராசரி வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலிருந்தும் 500-ஐக் கழித்தால் –2, 3, 1, 7, –4. இவற்றின் சராசரி 1. வர்க்கங்களின் மொத்தம் 79, அதை ஐந்தால் வகுத்தால் 15.8. அதிலிருந்து சராசரியின் வர்க்கமான 1-ஐக் கழித்தால் அதே 14.8. எல்லா எண்ணிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்தால் சிதறல் மாறாது என்பதால்தான் இந்தக் குறுக்கு வழி செல்லுபடியாகிறது. விலக்கங்களைக் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் சராசரியிலேயே பிசகு, மேலே போகாதீர்கள்.

பள்ளியில் 14.8, கம்பெனி கம்ப்யூட்டரில் 18.5. எது சரி?

இரண்டும் சரி, கேள்விதான் வேறு. பத்தாம் வகுப்புத் தமிழ்நாட்டுப் பாடமும், கேரளத்தில் பிளஸ் ஒன்னில் வரும் பாடமும் மொத்த எண்ணிக்கையால் வகுக்கச் சொல்கின்றன. கையில் இருக்கும் ஐந்து பாக்கெட்டைப் பற்றி மட்டும் பேசுவதானால் அது போதும்.

கம்பெனியில் அந்த ஐந்து பாக்கெட் வெறும் மாதிரி, அதாவது சாம்பிள்தான். அன்றைக்குப் போட்ட ஆயிரம் பாக்கெட்டும் எப்படிச் சிதறியிருக்கும் என்று ஊகிக்கவே அதை எடுக்கிறார்கள். அப்போது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதாவது நான்கால் வகுக்க வேண்டும்: 74 ÷ 4 = 18.5, திட்ட விலக்கம் 4.30 கிராம். காரணம், சராசரியையும் அதே ஐந்து பாக்கெட்டிலிருந்துதான் எடுத்தோம். விலக்கங்கள் கூடிப் பூஜ்யமாக வேண்டிய கட்டாயம் இருப்பதால், நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாக வந்துவிடும். சொந்தமாகச் செய்தி சொல்வது நான்குதான். ஐந்தால் வகுத்தால் சிதறலைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

எண்ணிக்கை 100-க்கு மேல் போனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஐந்து, ஆறு வைத்துப் பார்க்கும்போதுதான் கவனம் தேவை. பரீட்சையில் மட்டும் புத்தகம் சொல்வதையே செய்யுங்கள்.

எக்செல்லில் எந்தச் சூத்திரம்?

மாதிரிக்கு ‘வேர்.எஸ்’, முழுத் தொகுதிக்கு ‘வேர்.பி’. புள்ளி இல்லாத பழைய ‘வேர்’ மாதிரிக்கானது. இவற்றோடு ‘வேர்ஏ’ என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் ஆபத்து. மற்றவை செல்லில் எழுத்து இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போகும். ‘வேர்ஏ’ அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். யாராவது ஒரு செல்லில் “கரண்ட் இல்லை” என்று தட்டியிருந்தால், 500 கிராமுக்கு நடுவே ஒரு பூஜ்யம் விழுந்து வேரியன்ஸ் பல்லாயிரத்துக்குப் போய்விடும். சயின்டிஃபிக் கால்குலேட்டரில் சிக்மா குறி உள்ளது மொத்த எண்ணிக்கையால் வகுத்தது, எஸ் குறி உள்ளது ஒன்று குறைத்து வகுத்தது.

திட்ட விலக்கமே புரிகிறதே, வேரியன்ஸ் எதற்கு? ‘கிராம் வர்க்கம்’ என்றால் யாருக்கு விளங்கும்?

சூப்பர்வைசரிடம் பேசத் திட்ட விலக்கம்தான் நல்லது. ஆனால் கூட்டல் கழித்தல் வேரியன்ஸில்தான் நடக்கும். சிப்ஸ் கொட்டும் கை 4 கிராம் திட்ட விலக்கத்தோடு கொட்டுகிறது, தராசு தன் பங்குக்கு 3 கிராம் ஆடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்று வையுங்கள். மொத்தச் சிதறல் 7 கிராம் என்று சொன்னால் தப்பு. 16-ஐயும் 9-ஐயும் கூட்டி 25, அதன் வர்க்கமூலம் 5 கிராம். பெரிய கோளாறை முதலில் சரிசெய் என்று தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். தராசின் 3 கிராமை முழுவதும் ஒழித்தாலும் 5 என்பது 4 ஆகும். கையின் 4-ஐ ஒழித்தால் 3 ஆகும்.

அலகு மாற்றும்போதும் கவனம் வேண்டும். கிலோவில் போட்ட வேரியன்ஸைக் கிராமுக்கு மாற்ற 1000-ஆல் பெருக்கக் கூடாது, 10,00,000-ஆல் பெருக்க வேண்டும்.

பாக்கெட்டில் 500 கிராம் என்று அச்சடித்தால் எவ்வளவு குறையலாம்?

சட்டமுறை எடையளவு (பொதியப் பொருள்கள்) விதிகள் 2011 இரண்டு நிலையில் பார்க்கிறது. ஒரு லாட்டிலிருந்து எடுத்த மாதிரியின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. தனித்தனிப் பாக்கெட்டுக்கு மட்டும் ஓர் அளவு வரை குறைய இடம் உண்டு: 100 கிராமுக்கு 4.5 கிராம், 200 கிராமுக்கும் 250 கிராமுக்கும் 9 கிராம், 500 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் 15 கிராம். “15 கிராம் குறையலாமாமே” என்று எல்லாப் பாக்கெட்டையும் 490-இல் நிறுத்தினால் சராசரியில் மாட்டுவீர்கள். அந்தச் சலுகை தவிர்க்க முடியாத சிதறலுக்கு, லாபத்துக்கு அல்ல.

வேரியன்ஸ் பணமாக மாறுவது இங்கேதான். சராசரி சரியாக 500, திட்ட விலக்கம் 10 கிராம் என்றால், 485-க்குக் கீழே விழும் பாக்கெட் நூற்றுக்கு ஆறு, ஏழு வரும். பயந்துபோய்ச் சராசரியை 505-க்கு ஏற்றினால் அது நூற்றுக்கு இரண்டு சொச்சமாகக் குறையும். ஆனால் ஆயிரம் பாக்கெட்டுக்கு 5 கிலோ சிப்ஸ் சும்மா போகிறது. திட்ட விலக்கத்தை 5 கிராமாகக் குறைத்துவிட்டால், சராசரி 500-இலேயே நின்றாலும் 485-ஐத் தொடுவது அபூர்வம்.

சிதறல் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது விலையுயர்ந்த மெஷினுக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள். தராசுக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறதா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த ஜன்னலே போதும், தட்டில் எண் நிற்காது. தராசின் படி 5 கிராமா, 1 கிராமா? 5 கிராம் படியில் 498-உம் 502-உம் ஒரே 500-ஆகத்தான் தெரியும். காலிக் கவரின் எடையைக் கழித்து பூஜ்யம் வைத்தார்களா, அந்தக் கவர் ரோல் மாறியபின் மறுபடி வைத்தார்களா? மூட்டையின் அடியில் உடைசல் சேர்வதால், கடைசியில் கொட்டும் பாக்கெட்டில் ஒரு கைப்பிடிக்கு எடை கூடும். மூட்டையை இடையில் ஒருமுறை கிளறிவிட்டாலே பாதிக் கோளாறு போகும்.

டாலரன்ஸும் வேரியன்ஸும் ஒன்றா?

இல்லை. டாலரன்ஸ் என்பது வாடிக்கையாளர் கொடுக்கும் இடம். சிதறல் என்பது உங்கள் மெஷின் எடுத்துக்கொள்ளும் இடம். 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு ±0.05 டாலரன்ஸ் என்றால் கொடுத்த இடம் 0.10. லேத்தின் திட்ட விலக்கம் 0.02 என்றால், மெஷின் கேட்கும் இடம் அதன் ஆறு மடங்கான 0.12. கொடுத்ததைக் கேட்பதால் வகுத்தால் 0.83, இதைத்தான் சிபி என்கிறார்கள். ஒன்றுக்குக் கீழே போனால் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் கழிவு விழும். பொதுவாக 1.33 கேட்பார்கள். அளவு நடுவிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சிபி அதைக் காட்டாது. அதற்கு சிபிகே பார்க்க வேண்டும். டூல் தேய்வதால் வருகிற சாய்வை ஆஃப்செட் (மெஷினில் வைக்கும் திருத்த அளவு) மாற்றித் திருத்தலாம். சிதறலை அப்படித் திருத்த முடியாது. ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட்டைத் தட்டிக்கொண்டிருந்தால் சிதறல் அதிகமாகத்தான் செய்யும்.

மாறுபாட்டுக் கெழு எப்போது?

சராசரி வெவ்வேறாக இருக்கும் இரண்டை ஒப்பிடும்போது. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மேலே பார்த்த பாக்கெட்டுக்கு 4.30 ÷ 501, அதாவது 0.86 சதவீதம். வெப்பநிலைக்கு இதைப் போடாதீர்கள். செல்சியஸில் பூஜ்யம் நாமே வைத்துக்கொண்டது. சராசரி பூஜ்யத்தை நெருங்கினால் கெழு அர்த்தமில்லாமல் வீங்கும்.

காஸ்டிங்கில் ‘மெட்டீரியல் வேரியன்ஸ்’ சாதகம் என்று வருகிறது, ஆனால் சரக்கு வீணாகிறது. எப்படி?

மொத்தத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் ஏமாறுவோம். பிரித்துப் பாருங்கள்.

100 கிலோ சிப்ஸுக்கு 400 கிலோ நேந்திரங்காய், கிலோ 30 ரூபாய் என்பது ஸ்டாண்டர்டு. மொத்தம் 12,000. உண்மையில் 420 கிலோ காய், கிலோ 28 ரூபாய், மொத்தம் 11,760. 240 ரூபாய் சாதகம் என்று அறிக்கை சொல்லும்.

விலை மாறுபாடு: கிலோவுக்கு 2 ரூபாய் மிச்சம் × வாங்கிய 420 கிலோ = 840 சாதகம். அளவு மாறுபாடு: 20 கிலோ கூடுதல் × ஸ்டாண்டர்டு விலை 30 = 600 பாதகம். 840-இல் 600 போக 240. பர்ச்சேஸ்காரர் சந்தையில் சிறுகாய் வாங்கி 840 ரூபாய் நல்ல பெயர் எடுத்தார். சிறுகாயில் தோல் விகிதம் கூடுதல், சீவும்போது கழிவும் கூடுதல். 600 ரூபாய்க் கெட்ட பெயர் அடுப்படியில் நிற்பவர் தலையில் விழுந்தது. இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டால்தான் நியாயம் கிடைக்கும்.

அடிக்கடி வரும் தவறுகள் மூன்று. அளவு மாறுபாட்டை உண்மை விலையால் பெருக்குவது. அப்படிச் செய்தால் விலையின் கோளாறு இங்கேயும் கலந்துவிடும், கூட்டலும் நேராகாது. வாங்கியதும் பயன்படுத்தியதும் வேறு அளவாக இருக்கும் மாதத்தில், விலை மாறுபாட்டை எந்த அளவின்மேல் போடுகிறோம் என்று மாதத்துக்கு மாதம் மாற்றுவது. மூன்றாவது, உண்மையில் வந்தது 95 கிலோ சிப்ஸ் என்றால் ஸ்டாண்டர்டையும் 380 கிலோ காய்க்கு இறக்காமல் விடுவது. போட்ட திட்டத்தோடு ஒப்பிடக் கூடாது, வந்த உற்பத்திக்கு எவ்வளவு ஆகியிருக்க வேண்டுமோ அதோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓணத்துக்கு முன் காய்விலை ஏறுவது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வருடம் முழுக்க ஒரே ஸ்டாண்டர்டு விலை வைத்தால், அந்த மாதம் பாதகம் வருவதில் செய்தி எதுவும் இல்லை. ஸ்டாண்டர்டைப் பருவத்துக்கு ஏற்றபடி வைப்பது மேல்.

ஆள் கூலியிலும் இதே கணக்குதானா?

அதே கணக்குதான், கூட ஒரு கூறு உண்டு. ஸ்டாண்டர்டு 50 மணி, மணிக்கு 80 ரூபாய், மொத்தம் 4,000. உண்மையில் 60 மணிக்குக் கூலி, மணிக்கு 75, மொத்தம் 4,500. அந்த 60-இல் 4 மணி கரண்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்தார்கள். விகித மாறுபாடு 5 × 60 = 300 சாதகம். வெட்டி நேரம் 4 × 80 = 320 பாதகம். வேலை செய்த 56 மணியை 50-உடன் ஒப்பிட்டால் 6 × 80 = 480 பாதகம். மொத்தம் 500 பாதகம். வெட்டி நேரத்தைப் பிரிக்காவிட்டால், மின்தடைக்கான 320 ரூபாயும் “ஆட்கள் மெதுவாக வேலை செய்தார்கள்” என்று பதிவாகிவிடும்.

கொப்பரை ஸ்டாக் எடுத்தால் எப்போதும் குறைகிறது. திருட்டா, காய்ச்சலா (காய்ந்து எடை குறைவதா)?

முதலில் காய்ச்சலைக் கணக்குப் போட்டு ஒதுக்குங்கள், மிச்சம்தான் கேள்வி. 1000 கிலோ கொப்பரை 10 சதவீத ஈரத்தோடு உள்ளே வந்தது, இப்போது 6 சதவீதம். நாலு சதவீதம் குறைந்தது, அதனால் 960 கிலோ இருக்க வேண்டும் என்பார்கள். அது தப்பு. ஈரம் போக உலர்பொருள் 900 கிலோ, அது மாறாது. இப்போது அந்த 900 மொத்தத்தில் 94 சதவீதம். 900 ÷ 0.94 = 957.4 கிலோ. ஆயிரம் கிலோவுக்கு இந்த இரண்டு சொச்சக் கிலோவே ஒரு வாக்குவாதத்துக்குப் போதும். ஈரமானியை வரவின்போதும் இருப்பு எடுக்கும்போதும் ஒரே மூட்டையின் ஒரே ஆழத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கக் கொப்பரை பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். 957-க்கும் கீழே இருந்தால் பிறகு எடைச்சீட்டு, சாக்கு எடை, எலி, பூட்டு என்று தேடலாம்.

வீட்டு வேலையில் ‘வேரியேஷன்’ என்று பில் வந்திருக்கிறது. எதைச் சரிபார்ப்பது?

ஒப்பந்தத்தில் இருந்த வேலை மாறியதற்கான தொகை அது. புதிதாகச் சேர்ந்த வேலையை ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’ என்றும், இருந்த வேலையின் அளவு மாறியதை ‘டீவியேஷன்’ என்றும் அரசு ஒப்பந்தங்களில் பிரிப்பதுண்டு. தனியார் வீட்டு வேலையில் எல்லாமே எக்ஸ்ட்ராதான்.

பெரிய ஏமாற்றம் பழைய தொகையைக் கழிக்காமல் விடுவதில்தான் நடக்கும். சதுர அடி 60 ரூபாய் டைல் ஒப்பந்தத்தில் இருந்தது, நீங்கள் 95 ரூபாய் டைல் கேட்டீர்கள், 800 சதுர அடி. தரவேண்டியது வித்தியாசம் மட்டும்: 35 × 800 = 28,000. பில்லில் 95 × 800 = 76,000 என்று முழுதும் ஏறியிருக்கும்; பழைய 48,000 மொத்தத் தொகையிலேயே உட்கார்ந்திருக்கும். பதிக்கும் கூலி மாறவில்லை என்றால் அதற்கு மறுபடி கேட்கவும் முடியாது.

வெட்டுக்கல்லுக்குப் பதில் சிமென்ட் பிளாக் என்று பாதியில் மாற்றினால் சுவரின் தடிமன் மாறும். கட்டளை (கதவு நிலை), ஜன்னல் சட்டம், பூச்சுக் கனம் எல்லாம் பின்னாலேயே மாறும். மாற்றம் சொல்லும் அன்றே ஒரு தாளில் என்ன வேலை, என்ன அளவு, என்ன விலை, எத்தனை நாள் கூடும் என்ற நான்கையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாட்ஸ்அப்பில் “ஓகே சேட்டா” என்று போட்டது விலைக்கு ஒப்புதலா வேலைக்கு ஒப்புதலா என்று பிறகு தெளிவிருக்காது. பூசி மறைக்கும் வேலையை மறைக்கும் முன் டேப் வைத்து அளந்து படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் ‘வேரியன்ஸ்’ வாங்கித்தான் கட்டினேன் என்கிறான். இங்கே டீவியேஷன் என்றால் நோட்டீஸ் வருகிறதே?

அங்கே வேரியன்ஸ் என்பது ஓர் அனுமதி. அந்த ஊர் மண்டல விதியை அப்படியே பின்பற்றினால் மனையின் வடிவம் போன்ற காரணத்தால் தேவையற்ற சிரமம் வரும் என்று வாரியத்தின் முன் நிரூபித்து, கட்டுவதற்கு முன்பே வாங்குவது. நம் பக்கம் டீவியேஷன் என்றால் அங்கீகரித்த பிளானை மீறிக் கட்டியது. ஒன்று முன் அனுமதி, மற்றது மீறல். கேரளத்தில் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் 2019, நகராட்சிக் கட்டட விதிகள் 2019. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019. இரண்டு மாநிலத்திலும் மனை வைத்திருப்பவர்கள் ஒரு மாநிலத்துப் பக்கவாட்டு இடைவெளி விதியை மறு மாநிலத்துக்கு அப்படியே எடுத்துச் செல்வது வழக்கமான தவறு.

ஒருவருக்கு ஜாமீன் நின்றேன். என்னைக் கேட்காமல் நிபந்தனையை மாற்றிவிட்டார்கள். நான் கட்ட வேண்டுமா?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 133 இதைத்தான் பேசுகிறது. அங்கேயும் சட்டம் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் வேரியன்ஸ்தான். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஜாமீன்தாரரின் சம்மதமில்லாமல் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பின் நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு ஜாமீன்தாரர் பொறுப்பல்ல. முன்னால் நடந்ததற்குப் பொறுப்பு தொடரும். சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: வங்கி மேலாளரின் நடத்தைக்கு ஒருவர் ஜாமீன் நிற்கிறார். பிறகு அவரைக் கேட்காமல் மேலாளருக்குச் சம்பளத்தை ஏற்றி, ஓவர்டிராஃப்ட் நட்டத்தில் கால் பங்கு அவருடையது என்று பேசிக்கொள்கிறார்கள். அதன்பின் வரும் ஓவர்டிராஃப்ட் நட்டத்துக்கு ஜாமீன்தாரர் விடுபடுகிறார். ஜாமீன்தாரரைக் கேட்காமல் தவணைக்கு அவகாசம் கொடுக்க ஒப்புக்கொள்வது பிரிவு 135-இல் வரும்.

ஆனால் சிட்டிக்கோ (சீட்டு) வங்கிக் கடனுக்கோ கையெழுத்திடும் அச்சுப் படிவத்தில், “இந்தப் பிரிவுகளின் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்” என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிரிவு 133-ஐ நம்பி இருக்காதீர்கள். படிவத்தின் நகலோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பழைய ஆதாரத்தில் (நிலப் பத்திரத்தில்) திசைக்கோணம் போட்டிருக்கிறது, காம்பஸ் வேறு காட்டுகிறது.

காந்த முள் காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்துக்கு மாலுமிகள் வேரியேஷன் என்றும் சர்வேக்காரர்கள் டிக்ளினேஷன் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அது இடத்துக்கு இடம் மாறும், வருடத்துக்கு வருடமும் நகரும். தென்னிந்தியாவில் சிறிய கோணம்தான். ஆனால் ஒரு டிகிரி பிசகினாலே 100 மீட்டர் நீள வரப்பு மறுமுனையில் 1.75 மீட்டர் தள்ளிப்போகும். பக்கத்தில் இருக்கும் இரும்பு முள்ளை இழுப்பது டீவியேஷன். பைக்கையும் ஸ்டீல் டேப்பையும் தள்ளி வைத்தாலே அது தீரும். போன் காம்பஸை வைத்து எல்லைத் தகராறு பேசுவது வீண். நட்ட கல்லிலிருந்து கல்லுக்கு அளந்த தூரம்தான் நிற்கும்.

விதை நெல்லில் வெரைட்டி, வேரியேஷன், அனோவா என்கிறார்களே?

வெரைட்டி என்பது பெயர் பெற்ற ரகம். பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தின் ஜோதி, பிடிபி 39 என்ற எண்ணோடு வருவது போல. வேரியேஷன் என்பது ஒரே ரகத்துக்குள்ளும் செடிக்குச் செடி இருக்கும் வேறுபாடு. நெட்டைத் தென்னை பெரும்பாலும் அயல் மகரந்தத்தில் காய்ப்பதால் ஒரே தாய்மரத்து நாற்றுகள்கூட ஒன்றுபோல் வளரா. குட்டை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் தாயை ஒத்து வரும்.

அனோவா, வயல் சோதனையில் வந்த வேரியன்ஸைப் பங்கு பிரிக்கும் முறை. வேரியன்ஸ் என்ற சொல்லைப் புள்ளியியலுக்குள் 1918-இல் கொண்டுவந்த ரொனால்டு ஃபிஷரே இந்த முறைக்கும் மூலவர். மூன்று ரகம், நான்கு தொகுதி (அடுத்தடுத்த பாத்திகளின் கூட்டம்) என்று பன்னிரண்டு பாத்தி போட்டால், சுதந்திரப் படிகள், அதாவது சொந்தமாகச் செய்தி சொல்லும் எண்ணிக்கை, மொத்தம் 11. ரகத்துக்கு 2, தொகுதிக்கு 3, பிழைக்கு 6. ரகத்தால் வந்த வேறுபாடு பிழையால் வந்ததைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் “இந்த ரகம் மேல்” என்று சொல்லலாம். வாய்க்காலை ஒட்டிய பாத்திகளை எல்லாம் ஒரே ரகத்துக்குக் கொடுத்துவிட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் சீட்டுக் குலுக்கி ரகத்தை ஒதுக்குங்கள்.

வேறெங்கும் வருமா?

வேதியியலில் கிப்ஸின் நிலைமை விதியில் வேரியன்ஸ் என்றால் நாம் சுதந்திரமாக மாற்றக்கூடிய காரணிகளின் எண்ணிக்கை: கூறுகள் – நிலைமைகள் + 2. பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்து நின்றால் 1 – 3 + 2 = 0; 0.01 டிகிரி செல்சியஸைத் தவிர வேறெங்கும் அவை சேர்ந்து நிற்கா. மெஷின் லேர்னிங்கில், பயிற்சித் தரவை மாற்றினால் மாடலின் விடை எவ்வளவு ஆடுகிறது என்பது. இசையில் வேரியேஷனை நம் சங்கதிக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் ஒன்றுக்கொன்று முழுப் பொருத்தம் இல்லை.

‘உங்கள் பெயர் எங்கள் பதிவோடு வேரியன்ஸில் உள்ளது’ என்று கடிதம் வந்திருக்கிறது.

கணக்கு ஒன்றும் இல்லை, பொருந்தவில்லை என்று பொருள். எல்லைப் பகுதியில் இது அடிக்கடி வரும். தமிழ்நாட்டு ஆவணத்தில் அப்பா இனிஷியல் முன்னால் நிற்கும். கேரள ஆவணத்தில் இனிஷியல் பின்னால், சில சமயம் வீட்டுப்பெயரும் சேர்ந்து நிற்கும். எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து எது எங்கே மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு மாற்றுவது எளிது. ஆளும் ஒருவர்தான், பெயர் எழுதியதுதான் வேறு என்றால் கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ் தரும் ‘ஒன் அண்ட் த சேம்’ சான்றிதழுக்கு அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பெயரே மாறியிருந்தால் அது போதாது, அரசிதழில் வெளியிட வேண்டும். கடிதம் அனுப்பிய அலுவலகம் எந்தச் சான்றை ஏற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அதன்பின் அலையுங்கள்.